உளுத்த வங்கும் உறுதியான படகும்

(கடலோர ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் மீனவர்களும் கூடிய ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

ஊராட்சிக் கூட்டம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் சற்று வேறானது. கண்ணாடி இழையாலான படகின் அடிவயிற்றில் மக்கிப்போன சட்டங்களை அகற்றிப் புதிய சட்டங்களை எவ்வாறு அமைப்பது என்பதே அது. "ஏரும் எருதும் அறிந்த எங்களுக்குப் படகைப் பற்றி என்ன கவலை?" என்று உழவர்கள் கேட்கக்கூடும். வெள்ளையடித்த சுவரைப் பார்த்து வீடு உறுதியாக இருக்கிறதென்று நம்பி, மேலே உத்தரத்தைக் கறையான் தின்றதை அறியாமல், அதன் கீழே பாய் விரித்துப் படுப்பவனின் நிலை எத்தகையதோ, அத்தகையதே உளுத்த படகில் கடலுக்குச் செல்பவனின் நிலையும். அன்றியும், நம் கடலோர ஊர்களில் ஒரு தெரு வயலை நம்பியும் மறு தெரு கடலை நம்பியும் வாழ்கின்றன. ஒரு தெருவில் அடுப்பு எரியாவிட்டால், மறு தெருவின் கடையிலும் களத்திலும் அது தெரிந்துவிடும்.

ஒரு படகின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், மீன் இறங்குதளத்திற்குச் செல்லும் சாலையைப் பார்வையிடுவதற்காக நாம் ஒரு கடலோர ஊருக்குச் சென்றிருந்தோம். கரை மணலில் முப்பது அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் தம்பி இருவர் அதனைப் பழைய படகாக விலைக்கு வாங்கியிருந்தனர். வீட்டுப் பெண்களின் நகைகள் அதற்காக அடகில் இருந்தன. கோவில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தமையால் படகுக்கு நீலமும் மஞ்சளுமாக வண்ணம் பூசிக்கொண்டிருந்தனர்.

"பார்ப்பதற்குப் புதிய படகு போலவே இருக்கிறதே!" என்று நாம் சொன்னோம். தம்பி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய வாரம், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த வேளையில், எஞ்சினைத் தாங்கும் கட்டையின் போல்ட்டுகள் இரண்டு தாமாகவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன என்று அவர் கூறினார். படகில் ஐந்து பேர் இருந்தனர். ஆட்டம் கண்ட எஞ்சினைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முறைபோட்டுப் பிடித்துக்கொண்டு, ஒருவாறு கரை சேர்ந்திருக்கின்றனர். இன்னும் பெரிய போல்ட்டுகளாகப் போட்டு, மேலே இரண்டு சுற்று ஃபைபர் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது அண்ணனின் எண்ணம்.

அப்போது, இளமையில் மரவள்ளம் கட்டிப் பழகிய முதிய ஆசாரி ஒருவர் அங்கே வந்தார். அவர் யாதொன்றும் பேசாமல் படகினுள் இறங்கி, சிறிய சுத்தியால் ஒவ்வொரு வங்காகத் தட்டிக்கொண்டே சென்றார். படகின் குறுக்கே விலா எலும்புகள் போல் வளைந்து கிடக்கும் சட்டங்களையே வங்கு என்கிறோம். முதல் மூன்றும் கணீரென்று ஒலித்தன. நான்காவது, நனைந்த சாக்கைத் தட்டியது போல் 'தொப்'பென்றது. போல்ட்டு பிடுங்கிய துளையில் ஆணியை விட்டுக் கிளறினார். பழுப்பு நிறத்தில், பிழிந்தால் நீர் சொட்டும் சக்கை வெளியே வந்தது.

"தம்பி, ஃபைபர் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த மரம்தான் போய்விட்டது. இதன் மேல் எத்தனை சுற்று ஒட்டினாலும் போல்ட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?" என்று கேட்டார்.

பன்னிரண்டு வங்குகளில் ஐந்தும், எஞ்சின் கட்டையின் கீழே நெடுக ஓடும் சட்டங்கள் இரண்டும் கெட்டிருந்தன. ஃபைபர் படகு என்றால் அது மக்கவே மக்காது என்று அதுவரை நம்பியிருந்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

மக்குவதற்குக் காரணம்

கண்ணாடி இழையால் படகு கட்டும் முறை 1940களில் அமெரிக்காவில் தொடங்கிற்று. நம் கரையில் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், கலங்களை இழந்த மீனவர்க்கு ஃபைபர் படகுகள் மிகுதியாக வழங்கப்பட்டன. அக்காலத்தில் கட்டியவற்றுள் இன்றும் கடலுக்குச் செல்பவை ஏறக்குறைய இருபது வயது கண்டவை. ஆகவே, இன்று நாம் பேசுவது ஓர் ஊரின் ஒரு படகைப் பற்றியது மட்டுமன்று.

கண்ணாடி இழை விரிப்பும், அதனை இறுகப் பிடிக்கும் ரெசினும் சேர்ந்ததே படகின் ஓடு. இவ்விரண்டும் மக்குவதில்லை. ஆனால் மெல்லிய ஓடு மட்டும் அலையின் அடியைத் தாங்காது, வளையும், துவளும். அதற்காகவே உள்ளே மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் ஃபைபரைப் போர்த்துகின்றனர். போர்வை போதிய கனமாக இருந்தால், பாரத்தைத் தாங்குவது அப்போர்வையே. உள்ளிருக்கும் மரம் அதற்கு ஓர் அச்சு மட்டுமே. செலவைக் குறைக்க எண்ணி மெல்லியதாகப் போர்த்தியிருந்தால், பாரம் முழுவதும் மரத்தின் மேல் விழும். அத்தகைய படகில் மரம் மக்கியது என்றால், படகின் வலிமை போயிற்று என்றே பொருள்.

மரத்தை மக்கச் செய்வது ஒருவகைக் காளான். அதற்கு ஈரமும் காற்றும் வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருந்தால் அது வளராது. நீர் புகும் வழிகள் பெரும்பாலும் நாமே உண்டாக்கியவை. போல்ட்டுக்காகத் துளைத்து அடைக்காமல் விட்ட துளை, வளையம் மாட்ட அடித்த ஆணி, மூடாமல் விட்ட சட்டத்தின் முனை, நங்கூரம் விழுந்து கீறிய கீறல் ஆகியவற்றின் வழியே நீர் உள்ளே செல்கிறது. மேலே ஃபைபர் மூடியிருப்பதால், சென்ற நீர் எளிதில் வெளியேறுவதில்லை.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே மரத்திற்குப் பெரும் பகை. உப்பு ஓரளவுக்குக் காளானைத் தடுக்கும். மழைநீரில் அத்தடை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் படகைக் கரையில் நிமிர்த்தி வைத்து, உள்ளே நீர் தேங்க விடுவோமாயின், கடலில் ஓடியபோது கெடாத மரமும் கரையில் கிடந்தே கெட்டுவிடும்.

கண்டறியும் முறை

சோதனைக்குப் பெரும் செலவு இல்லை. சிறிய சுத்தியால் சட்டம் நெடுகத் தட்டிப் பாருங்கள். ஒலி மந்தமாகும் இடத்தில் சாக்குக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு, சட்டத்தின் பக்கவாட்டில், அடிப்பகுதியை ஒட்டி, எட்டில் ஒரு அங்குலத் துளை இடுங்கள். ஓட்டைத் துளைத்துவிடாதபடி கவனம் வேண்டும். உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் மரம் நன்று. கறுத்த ஈரச் சக்கை வந்தால் மரம் கெட்டது. சோதித்த துளைகளை அன்றே ரெசின் பசையால் அடைத்துவிட வேண்டும். அன்றியும், எஞ்சின் ஓடும்போது பின்புறப் பலகை அசைந்தாலும், முறுக்கிய போல்ட்டு மறுவாரமே தளர்ந்தாலும், சட்டம் ஓட்டோடு சேரும் மூலையில் மயிரிழை போன்ற கீறல் ஓடினாலும், உள்ளே சோதிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்க.

செப்பனிடும் முறை

முதலில் படகின் வடிவத்தைக் காக்க வேண்டும். சட்டத்தை அகற்றிய ஓடு, வைத்த இடத்திற்கு ஏற்பத் துவண்டுவிடும். அந்நிலையில் புதிய சட்டம் வைத்தால் கோணல் நிலைத்துவிடும். ஆகவே, கூரையின் கீழே படகை நிறுத்தி, ஏராவுக்கு அடியிலும் இரு பக்கங்களிலும் மணல் மூட்டைகளை நெருக்கமாக அணை கொடுங்கள். அணியம் முதல் பின்புறம் வரை நூல் கட்டி, நூலுக்கும் ஒவ்வொரு வங்குக்கும் உள்ள இடைவெளியைச் சுவரில் எழுதி வையுங்கள். வேலை நடக்கும் நாளெல்லாம் அந்த அளவு மாறாதிருக்க வேண்டும்.

நாம் கண்ட படகில், கெட்ட ஏழு சட்டங்களையும் ஒரே நாளில் வெட்டி எறிந்துவிடத் தம்பி முனைந்தார். ஆசாரி அதற்கு இடந்தரவில்லை. "கூரையின் எல்லாத் தூண்களையும் ஒன்றாகப் பிடுங்குவார் உண்டா?" என்று கேட்டு, ஒன்றை எடுத்து அவ்விடத்தில் புதியது வைத்து இறுகிய பின்னரே அடுத்ததில் கை வைத்தார்.

அடுத்தது துப்புரவு. டீசலும் எண்ணெயும் படிந்த அடிப்பகுதியைச் சோப்புத் தூள் கொண்டு நன்கு கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் ஓட்டின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அதன் மேல் எதுவும் ஒட்டாது. பிறகு பழைய சட்டத்தின் மேல் போர்வையை அறுத்துத் திறந்து, மக்கிய மரத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும். அறுக்கும்போது ஓட்டை ஒட்டி இரண்டு அங்குலப் போர்வையை விட்டு அறுப்பது நலம். அறுவைத் தகடு ஓட்டில் பட்டுவிடாது. பழைய சட்டம் நின்ற இடமும் தெளிவாகத் தெரியும். பின்னர் அதனையும் தேய்த்துச் சமன் செய்து, இருபுறமும் ஆறு அங்குல அகலத்திற்கு வண்ணமும் அழுக்கும் நீங்கிச் சுத்தமான இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். இறுகிப்போன பழைய ஓட்டின் மேல் புதிய ரெசின் தானாகக் கலந்து ஒன்றாவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. இவ்வேலையில் காட்டும் சோம்பல் பின்னால் கடலில் வெளிப்படும்.

புதிய மரம் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் கூடாது. தேக்கு உயர்ந்த மரமாயினும் அதன் எண்ணெய்ப் பசை ரெசினை ஒட்டவிடாது. எண்ணெயோ தாரோ பூசிய மரமும் அவ்வாறே. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் பலகைகளை ஒட்டிச் சேர்த்தும் சட்டம் செய்யலாம். பாரம் குறைந்த இடங்களில் மரத்திற்குப் பதிலாக நுரைக்கட்டையை அச்சாக வைத்துக் கனமாகப் போர்த்தினால் மக்கும் அச்சமே இல்லை. ஆனால் தெர்மோகோல் கூடாது. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துவிடும். எஞ்சின் போல்ட்டு இறங்கும் இடத்தில் கெட்டியான மரமே வேண்டும். போல்ட்டின் இறுக்கத்தை நுரை தாங்காது.

அட்டையில் வடிவம் வெட்டிப் பார்த்து, அதன்படி மரத்தை அறுத்து, மேல்விளிம்புகளை உருட்டிவிட வேண்டும். கூரான விளிம்பில் இழை படியாமல் காற்று நிற்கும். மரத்தின் எல்லாப் பக்கங்களிலும், சிறப்பாக வெட்டுமுனைகளிலும், ரெசின் பூச வேண்டும். சட்டத்தை ஓட்டின் மேல் நேராக அழுந்த வைப்பது தவறு. கடினமான மரம் ஓட்டில் முட்டும் அவ்விடத்திலேயே, அலையின் அடியில், ஓடு கீறும். கால் அங்குல இடைவெளி விட்டு, நறுக்கிய இழை கலந்த ரெசின் பசையை மெத்தை போல் இட்டு, அதன் மேல் சட்டத்தை அமர்த்த வேண்டும். இருபுற மூலைகளையும் அதே பசையால் குழிவாக நிரப்ப வேண்டும்.

அதன் பின் போர்வை. முதல் சுற்று ஓட்டின் மேல் இருபுறமும் இரண்டு அங்குலம் படியட்டும். அடுத்தடுத்த சுற்றுகள் ஒவ்வொரு அங்குலம் கூடுதலாகப் படியட்டும். மேட் ஒரு சுற்றும் நெய்த ரோவிங் ஒரு சுற்றுமாக மாற்றி இட்டு, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பது படகின் நீளத்தையும் எஞ்சினையும் பொறுத்தது. கெடாத வங்கின் போர்வைக் கனத்தை அளந்து, அதற்குக் குறையாமல் இடுவதே முதல் விதி. அக்கனமே மெல்லியதாக இருந்தால் மேலும் ஏற்ற வேண்டும். சட்டத்தின் முனைகளையும் மூட மறவாதீர்கள்.

போல்ட்டுத் துளைக்கு ஓர் எளிய முறை உண்டு. தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, அதனை எபாக்ஸிப் பசையால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் உரிய அளவில் மீண்டும் துளைக்க வேண்டும். அப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்ஸி இருக்குமேயன்றி மரம் இராது. நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. பழுது பார்த்த படகை ஒரு வாரமேனும் இறுக விட்டுப் பின்னரே கடலில் இறக்க வேண்டும்.

உயிருக்குக் காவல்

இவ்வேலையில் ஆபத்தும் உண்டு. ரெசினை இறுகச் செய்ய இரண்டு திரவங்கள் சேர்க்கப்படுகின்றன. ஒன்று கோபால்ட் எனப்படும் ஆக்சிலரேட்டர், மற்றொன்று கேட்டலிஸ்ட். இவ்விரண்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கலாகாது; தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை கேட்டலிஸ்ட்டை அளந்து சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டில்களையும் வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்குக் கேடு. உடனே நெடுநேரம் தண்ணீரால் கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்தில் பீடிக்கும் அடுப்புக்கும் இடமில்லை. தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. அறுத்த ஃபைபர்த் துண்டுகளைக் கரையில் கொளுத்துவதும் கடலில் எறிவதும் தவறு.

எல்லாப் படகையும் செப்பனிட்டே தீரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஓடே பல இடங்களில் கீறி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து, கையால் அழுத்தினால் அமுங்குமாயின், அதற்குச் செலவிடும் பணம் வீண். அத்தகைய படகைக் கடலில் இறக்காதிருப்பதே அறிவுடைமை.

ஊராட்சி செய்யத்தக்கது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதம் முதல் காற்று உலரத் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கைதேர்ந்த தச்சர்களும் ஃபைபர் வேலைக்காரர்களும் விசைப்படகு வேலைக்குப் போய்விடுவர். ஆகவே சிறு படகுகளுக்குத் தையும் மாசியும் பங்குனியுமே ஏற்ற காலம். ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபையிலேயே இதனைப் பேசி, ஊரிலுள்ள படகுகளையெல்லாம் ஒரு வாரத்திற்குள் தட்டிப் பார்த்து முடிப்பது என்று தீர்மானிக்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு சுத்தியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். மழையும் வெயிலும் படாத ஒரு கொட்டகை கரையில் இருந்தால், பல படகுகளுக்கு அது உதவும். உழவர்கள் தத்தம் ஊரில் உலர்ந்த மரம் எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள். தச்சரும் இரு தெருவுக்கும் பொதுவானவர். இவ்வகையில் வயல் தெருவின் துணை கடல் தெருவுக்கு எளிதில் கிட்டும்.

மழைக்காலத்தில் ஒவ்வொருவரும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. படகை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, அடைப்பானைக் கழற்றிவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். இரு பக்கமும் காற்றோட்டம் இருக்கட்டும். இதற்கு ஒரு நாழிகை போதும்.

நாம் கண்ட அப்படகின் வேலை முடியப் பதினெட்டு நாட்கள் ஆயின. வண்ணத்திற்கென்று வைத்திருந்த பணம் மரத்திற்கும் ரெசினுக்கும் போயிற்று; திருவிழா அன்று அப்படகு பாதி நீலமும் பாதி பழைய நிறமுமாகக் கொட்டகையில்தான் நின்றது. தெருவில் சிலர் கேலி செய்தனர் என்று தம்பி வருந்தினார். அண்ணனோ, நான்காம் வங்கிலிருந்து எடுத்த மக்கிய மரத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தார். படகு வாங்க எண்ணி எவர் யோசனை கேட்க வந்தாலும், அதனைக் கையில் கொடுத்து, "இதைப் பிசைந்து பாருங்கள்; பிறகு விலை பேசலாம்" என்று சொல்வது அவர் வழக்கமாயிற்று.

அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுள் நாமும் ஒருவர். ஐந்து பேரின் உயிர் எதன் மேல் நின்றிருந்தது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஆகவே, அன்பர்களே, வண்ணம் பூசுமுன் தட்டிப் பாருங்கள். வாங்குமுன்னும் தட்டிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் படகுகளைப் பற்றிய கணக்கு அடுத்த கூட்டத்தில் நம் மேசைக்கு வருமானால், இவ்வுரை பயன் பெற்றதாகக் கொள்வோம்.